உருவாக்கிய மொழியில் சர்க்கரைக்கு என்ன சொல் வைப்பது?

சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கி வருவதாகவும், சர்க்கரை, இனிப்பு இரண்டுக்கும் சொல் எப்படி அமைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் பல நாள் நின்றிருக்கிறேன்.

சர்க்கரையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். சுவைக்கு முதலில் சொல் வையுங்கள். சர்க்கரையைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் பழமும் தேனும் தின்றவர்கள். நான் தலைகீழாகச் செய்தேன். சர்க்கரைக்கு ஒரு வேர்ச்சொல் வைத்து, அதிலிருந்து 'இனிப்பான' என்பதைப் பிறப்பித்தேன். ஆனால் நான் உருவாக்கிய மொழியைப் பேசும் கற்பனை மனிதர்கள் வாழ்வது கரும்பே விளையாத குளிர்மலையில்! எழுதி வைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் திருத்தவேண்டியதாயிற்று.

இப்போது அவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. 'ஏலு' என்றால் பழுத்ததால் வந்த இனிப்பு, 'நோம்' என்றால் தேனின் இனிப்பு. வணிகர்கள் கொண்டுவந்த சர்க்கரைக்கு அவர்களே வைத்த பெயர் 'ஏல்தசி', அதாவது இனிக்கும் மணல். சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்பதற்கும் சரளைக்கல், பொடிக்கல் என்றே பொருள் இருந்தது எனப் பிறகுதான் படித்தேன். அன்று எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தச் சொல்தான் பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர் என்று ஊர் ஊராகப் போனது. சர்க்கரை போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது.

அதனால் கடன் வாங்குவதும் நேர்மையான வழிதான். 1887இல் வெளிவந்த எஸ்பெராண்டோ என்ற உருவாக்கிய மொழி 'சுக்கேரோ' என்று அப்படியே எடுத்துக்கொண்டது. சர்க்கரை போட்டுவைக்கும் பாத்திரம் 'சுக்கேருயோ'. இனிப்புக்கு மட்டும் 'டோல்ச்சா' என்று தனி வேர். மிகச் சில சொற்களே கொண்ட உருவாக்கிய மொழியான டோக்கி போனாவில் சர்க்கரைக்கென்று தனிச்சொல்லே கிடையாது. 'சுவி' என்றால் இனிப்பு, செல்லமான அழகும் அதுவே. பொடிக்கான 'கோ' சேர்த்து 'கோ சுவி' என்றால் சர்க்கரை புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தர்க்கத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லோஜ்பான் மொழி. அதில் சர்க்கரை 'சக்தா', இனிப்பு 'தித்லா'. (தித்திப்பு நினைவுக்கு வந்தாலும் தற்செயல்தான். சீனம், இந்தி, ஆங்கிலம், ஸ்பானியம், ரஷ்யம், அரபு ஆகியவற்றிலிருந்தே அதன் வேர்கள் பிறந்தன.) 'தித்லா'வின் இலக்கணத்திலேயே யாருக்கு இனிக்கிறது என்பதற்கு ஓர் இடம் உண்டு. 'எனக்கு இனிக்கிறது' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். சுவைப்பவருக்கும் உங்கள் வாக்கியத்தில் இடம் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், உவமைகளில் கவனம் வேண்டும். தமிழில் குரல் இனிக்கும், நினைவு இனிக்கும். அந்தப் பழக்கம் நமக்கே தெரியாமல் புது மொழிக்குள் வந்துவிடும். என் மொழியில் ஆழ்ந்த தூக்கத்தை 'ஏலு' என்பார்கள், குரலை அப்படிச் சொல்லவே மாட்டார்கள்.

உங்கள் மொழிக்காரர்கள் வாழும் இடத்தில் கரும்பு விளையுமா, தேன் கிடைக்குமா? அதைச் சொன்னால் வேர்ச்சொற்களைச் சேர்ந்தே யோசிக்கலாம்.