எத்தனை ‘டீ’?

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்காரனான நான் இந்தக் குளிர்காலத்தை டொராண்டோவில் மகள் வீட்டில் கழிக்கிறேன். விடியற்காலையில் பனி மூடிய காட்டுப் பாதையில் அவர்களுடைய நாயை அவிழ்த்துவிட்டு நடப்பேன். அது புதருக்குள் பாய்ந்தால் ஒளிந்திருக்கும் பறவைகளெல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. நேற்று, கருந்தொப்பி வைத்தாற்போன்ற ஒரு சிக்கடிக் குருவி, நாய் நெருங்க நெருங்க ‘டீ, டீ, டீ’ என்று விளையாட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நல்ல பைனாகுலர் ஒன்று சொல்வீர்களா?

அன்புள்ள நண்பருக்கு,

8 மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட எதுவும் போதும். விலை உங்கள் மகளின் பாடு. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டும் ஊர்க்காரர் உறைபனியில் பறவை பார்க்கக் கிளம்பியிருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் குருவி விளையாடவில்லை, ஐயா. சிக்கடி தன் கூட்டத்துக்கு ஆபத்தை அறிவிக்கும் குரல் அது. ஆபத்து பெரிதென்று பட்டால் ‘டீ’க்களைக் கூட்டிக்கொண்டே போகும். அது வைததை நீங்கள் கொஞ்சலென்று எடுத்துக்கொண்டீர்கள். சுமார் 11 கிராம் எடையுள்ள அவ்வுயிர், உடல் வெப்பத்தை இயல்பைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை தணித்துக்கொண்டும், பகலெல்லாம் தின்று சேர்த்த கொழுப்பை எரித்தும்தான் அந்த நீண்ட இரவைக் கடக்கிறது. விடியும்போது கையிருப்பு ஏறக்குறையக் காலி. அந்த நேரம் பார்த்து நாயை விட்டு விரட்டுவதற்குப் பறவை பார்த்தல் என்று பெயர் வைக்காதீர்கள்.

இதை நானும் செய்திருக்கிறேன். தை மாதத்தில் ஒருநாள், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்கு என் நாய் மணியைக் கயிறில்லாமல் அழைத்துப் போனேன். அவன் முழங்கால் தண்ணீரில் பாய்ந்ததும், கருவேல மரங்களில் இருந்த மஞ்சள் மூக்கு நாரைகள் மொத்தமாக எழும்பின. குச்சிகளை அடுக்கிய ஒரு கூட்டின் விளிம்பில் உடனே காகம் ஒன்று வந்து அமர்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் குரலை உயர்த்தாமலேயே கேட்டார்: “தீபாவளிக்கு வெடி வேணும்னு அழுகிற பிள்ளைகளையே இந்தக் கொக்குகளுக்காக அடக்கி வச்சிருக்கோம். உனக்கு ஒரு நாயை அடக்க முடியலையாய்யா?” பறவைகளுக்காக வெடி வெடிக்காத ஊர் அது என்பது எனக்குத் தெரியாததன்று, தெரிந்தே போயிருந்தேன். மணியைத் துண்டால் கட்டி இழுத்துக்கொண்டு கரையிறங்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டில் என்ன ஆயிற்று என்பதை இன்றும் அறியேன்.

நாளைக் காலை நாயைக் குட்டையான வாரில் பிடித்துக்கொண்டு, அதே புதரிலிருந்து எட்ட நின்று, அசையாமல் கால்மணி நேரம் காத்திருங்கள். சிக்கடி எத்தனை ‘டீ’ சொல்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.