முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு வலி தெரியாமலிருக்கத் தொடையில் போடும் நரம்புத் தடுப்பு ஊசி காலைக் கெடுத்துவிடுமா?

தம் தாயாருக்கு முழங்கால் மாற்று அறுவை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள் என்றும், மயக்கவியல் மருத்துவர் தொடையில் ‘நெர்வ் பிளாக்’ என்ற ஊசியைப் போடலாம் என்று சொன்னதிலிருந்து கால் நரம்பு கெட்டுவிடுமோ என்ற பயம் வீட்டில் எல்லாரையும் பிடித்துக்கொண்டது என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் மருத்துவன் அல்லன். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் இரண்டு முழங்கால்களும் ஆறு ஆண்டு இடைவெளியில் மாற்றப்பட்டவை. இரண்டு முறையும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு அனுபவங்களும் ஒன்றுபோல இருக்கவில்லை. முதல் முறை எதையும் கேட்காமல் போய்ப் படுத்தேன். இரண்டாம் முறை மயக்கவியல் மருத்துவரைக் கேள்விகளால் துளைத்துவிட்டேன். தாயார் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த இடத்தில் போடப் போகிறார்கள், அதன் பிடி எப்போது விடும் என்ற இரண்டையும் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவையின்போது வலி தெரியாமலிருக்க முதுகில் ஸ்பைனல் ஊசி போடுவார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். நரம்புத் தடுப்பு அவற்றுக்கு மாற்று அல்ல. ஸ்பைனலின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எலும்பின் முனைகளை அறுத்து உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்திய மூட்டின் வலியோ முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கடுமையாக இருக்கும். அந்த நாட்களின் தொடக்கத்தைக் கடத்திவிடுவதற்காகவே தொடையில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். இது இல்லையென்றால் மார்ஃபின் வகை மருந்துகளைக் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கும். அவை வலியைக் குறைக்கும். கூடவே குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் ஆகியவற்றையும் கொண்டு வரும். அளவு மிஞ்சினால் மூச்சையே மந்தமாக்கிவிடும். வயதானவர்களுக்கு இவை சின்னத் தொல்லைகள் அல்ல.

‘தடுப்பு’ என்ற சொல்தான் பாதி அச்சத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். நரம்பை வெட்டுவது போலவோ சுடுவது போலவோ அது காதில் விழுகிறது. உண்மையில் மருந்தை நரம்புக்குள் செலுத்துவதில்லை, நரம்பைச் சுற்றித்தான் விடுகிறார்கள். நரம்பிழையின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போதுதான் மின்துடிப்பு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்கிறது. பூபிவகெயின், ரோபிவகெயின் போன்ற மருந்துகளின் மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து உட்புறமாகச் சென்று அந்த வாயில்களை அடைத்துக்கொள்கின்றன. காயம் காயமாகவே இருக்கிறது. செய்தி மட்டும் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. இரத்த ஓட்டம் மருந்தைச் சிறிது சிறிதாக அகற்றியதும் வாயில்கள் பழையபடி இயங்கத் தொடங்குகின்றன. பல் பிடுங்கும்போது தாடை மரத்துப்போய்ப் பிறகு தானாகச் சரியாவதும் இதனால்தான்.

இது புதிய வித்தையும் அல்ல. கண் அறுவைக்குக் கொக்கெயினைப் பயன்படுத்தலாம் என்று 1884-இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர் காட்டிய சில மாதங்களுக்குள், அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதையே நரம்புகளைச் சுற்றிச் செலுத்திப் பார்த்தார். தம் மீதே சோதித்ததில் பாவம், அதற்கு அடிமையும் ஆனார். அந்த ஆபத்து இல்லாத லிக்னோகெயின் 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டது.

என் முதல் அறுவையின்போது நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்க ஊசிமுனை வழியாகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். முழங்கால் சில்லு தானாகத் துள்ளியது. இடம் சரி என்பதற்கு அதுதான் அடையாளமாம். வகுப்பில் நடத்திய பாடம் என் காலிலேயே நடக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்து, ஊசி போகும் பாதையையும் மருந்து பரவுவதையும் திரையில் பார்த்தபடியே போட்டார்கள். வலியைப் பொறுத்தவரை இரண்டுமே சாதாரண ஊசிக் குத்துதான்.

ஆனால் போட்ட இடம் வேறு. முதல் முறை போட்டது இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஃபீமரல் நரம்பைச் சுற்றி. அந்த நரம்பு முழங்காலின் முன்பக்க வலியைச் சுமந்து செல்வதோடு, காலை நீட்டி நிறுத்துகிற முன்தொடைத் தசைக்கும் கட்டளை கொண்டு போகிறது. அன்று மாலை வலி துளியும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன், காலை ஊன்றியதும் முழங்கால் காகிதம் போல மடங்கியது. அவர் இடுப்பைப் பிடித்திராவிட்டால் புதிய மூட்டோடு தரையில் கிடந்திருப்பேன். வலி போனதோடு கால் பலமும் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை தொடையின் நடுப்பகுதியில், அடக்டர் கால்வாய் என்ற தசை இடுக்கில் மருந்தை விட்டார்கள். அந்த இடத்துக்கு வருவதற்குள் முன்தொடைத் தசைக்குப் போகும் கிளைகளில் பெரும்பாலானவை பிரிந்து போய்விடுகின்றன. எஞ்சுவது முக்கியமாக உணர்வைச் சுமக்கும் சஃபீனஸ் நரம்பும் தசைக்குப் போகும் ஒரு கிளையும். அதனால் முன்பக்கம் மரத்திருந்தபோதே என்னால் காலை நீட்ட முடிந்தது. அன்று மாலையே துணையோடு சில அடிகள் நடந்தேன். முழங்கால் மாற்றுக்கு இப்போது இந்த இடத்தையே பல மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதுதான். ஆயினும் கால் முழுப் பலத்தோடு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மருந்து மேல்நோக்கிப் பரவினால் தசை தளரலாம். உங்கள் தாயார் தனியாகக் கழிப்பறைக்கு எழுந்து போகவே கூடாது, வலி இல்லாத நேரத்தில்தான் இந்த ஆசை வரும்.

இந்த ஊசியால் முழங்காலின் பின்புற வலி தீராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வேறு நரம்புகளின் கிளைகள் வருகின்றன. அதற்காக அறுவை மருத்துவரே மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் மருந்தைச் செலுத்துவதுண்டு. முழங்காலின் பின்புறத் தமனிக்கும் மூட்டுறைக்கும் இடையே மயக்கவியல் மருத்துவர் ஓர் ஊசி போடுவதும் உண்டு. எனக்கு முதலாவதைச் செய்தார்கள். ‘ஊசி போட்டும் பின்னால் வலிக்கிறதே, தவறிவிட்டதோ?’ என்று பதற வேண்டாம்.

இனி நீங்கள் அஞ்சும் விஷயம். ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சில நாட்களோ வாரங்களோ குறுகுறுப்பு, மரத்த உணர்வு இருக்கலாம். பெரும்பாலும் அது தானாக மறைந்துவிடும். நீடித்த நரம்புப் பாதிப்பு அரிது. பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கு என்ற கணக்கில்தான் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அறுவையின்போது தொடையில் கட்டும் இறுக்குப்பட்டையாலும் நரம்பு அழுந்தலாம் என்பதால் எல்லாப் பழியையும் ஊசி மீது போடவும் முடியாது. ஆனால் தாயாருக்குச் சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் மரத்திருந்தால், அல்லது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போவதுதான் உடனடி ஆபத்து. காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மரத்தல், வாயில் உலோகச் சுவை என்று தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அதை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. 2006-க்குப் பிறகு அது மனிதர்களிடம் பயன்பட்டு வருகிறது. ஊசி போடும்போது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்தபடி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்துச் செலுத்துவது இதற்காகத்தான்.

தோள்மூட்டு அறுவைக்காக இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுத்தில் போடும் தடுப்பு, உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். என் மைத்துனருக்கு அன்று முழுவதும் மூச்சு நிறையாதது போலிருந்தது, அதே பக்கக் கண்ணிமை தொங்கியது, குரல் கரகரத்தது. மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. நுரையீரல் நோய் உள்ளவர்கள் கழுத்தில் போடாத வேறு வழிகளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலித்த நேரம், ஊசி போட்டபோதோ அறுவை முடிந்தபோதோ வரவில்லை. ஊசியின் பிடி விட்டபோது வந்தது. ஒருமுறை போடும் நீடித்த வகை மருந்து சுமார் 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். முதல் அறுவையில் காலை ஒன்பது மணிக்குப் போட்டார்கள். இரவு பத்து மணிக்குச் செவிலியர் மாத்திரைகளோடு வந்தபோது, “வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு, சிஸ்டர்?” என்று திருப்பி அனுப்பினேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டேன். மெதுவாக ஏறுகிற வலியாக அது இல்லை. அதுவரை வாசலில் நிறுத்தி வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தது போலிருந்தது. வாயால் விழுங்கிய மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் மார்ஃபின் போட்டார்கள், விடியும்வரை வாந்தி எடுத்தேன். தடுப்பின் பிடி விடும்போது வலி இப்படிப் பாய்ந்து வருவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பாராசிட்டமாலும், சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் மருத்துவர் எழுதித்தரும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போதே நேரம் தவறாமல் உடலுக்குள் போயிருக்க வேண்டும். சில மருத்துவமனைகளில் நரம்பருகே மெல்லிய குழாயை வைத்து இரண்டு மூன்று நாட்கள் மருந்தைச் சொட்டச் செய்கிறார்கள். குழாயை எடுக்கும் நாளுக்கும் இது பொருந்தும்.

மரத்த கால் சூடு அறியாது என்பதால் வெந்நீர்ப் பையை அண்டவிடாதீர்கள். குதிகால் ஒரே நிலையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாளுக்கும் மேலாகக் கால் மரத்தே இருந்தாலோ பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ உடனே சொல்லுங்கள்.

இரண்டாம் அறுவையின்போது என் மனைவி, ஊசி போட்ட நேரத்தையும் அடுத்தடுத்த மாத்திரைகளின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டாள். இரவு பத்து மணிக்கு மீண்டும் எனக்கு வலி இல்லை. மீண்டும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் தாளைக் காட்டி, தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மூன்று மணிக்கு வலியோடுதான் விழித்தேன், ஆனால் அது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. திரும்பித் தூங்கியும் விட்டேன்.