சன் ரெகார்ட்ஸ் ராக்கபில்லி: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: பாடகர் கார்ல் பெர்கின்ஸ் மூலம் ராக்கபில்லி (கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல்) இசைக்குள் வந்தேன். அவர் பாடிய சன் இசைத்தட்டு நிறுவனத்தின் 'இதுவரை வெளிவராத பதிவுகள்' என்று ஏகப்பட்ட தொகுப்புகள் விற்பனையில் இருக்கின்றன. ஒரே பாட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கிறது. எது அசல், எதை வாங்கலாம்?

பதில்: 1950களின் பதிவு என்று சொல்லிவிட்டு அட்டையில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால், அதை முதலில் கீழே வையுங்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் 706 யூனியன் அவென்யூவில் சன் நிறுவனர் சாம் பிலிப்ஸ் நடத்திய ஸ்டுடியோவில் எல்லாமே மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே ஒலித்தடம். பாடகர், கிதார், ஆளுயர பேஸ், டிரம்ஸ் அத்தனையும் ஒரே அறையில் ஒரே நாடாவில் இறங்கின. குரலுக்கு வால் முளைத்தது போல வரும் அந்த எதிரொலிகூட, இரண்டாவது டேப் மெஷினில் ஒலியைக் கணநேரம் தாமதித்து, பாடும்போதே கலந்ததுதான். அதன்மேல் போலி ஸ்டீரியோ பூசினால் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடும்.

பாட்டு மாறி மாறிக் கேட்பதற்குக் காரணம் 'டேக்', அதாவது ஒரு பாட்டை ஒவ்வொரு முறை பாடிப் பதிவதும் ஒரு டேக். பிசிறில்லாத டேக்கைவிட உயிருள்ள டேக்கே பெரிது என்பது பிலிப்ஸின் கட்சி. திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, ஒன்றைத் தட்டாக வெளியிட்டார். மிச்சமானவை நாடாவிலேயே தங்கின. அன்றைய சிங்கிளில் (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறு தட்டில்) வந்ததுதான் அசல், மற்றவை வரைவுகள். சில வரைவுகள் அசலைவிடத் துள்ளும், அது வேறு விஷயம்.

வெளிவராதது என்றால் தேறாதது என்று நினைக்க வேண்டாம். சிறு நிறுவனம், ஒரு தட்டு ஓடினால் பணமும் உழைப்பும் அதன் பின்னாலேயே போகும். 1957இல் சன் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸின் தட்டு ஓடியது. தன் தட்டு அவருக்காக ஓரம்கட்டப்பட்டது என்ற மனத்தாங்கல் இன்னொரு சன் பாடகர் பில்லி லீ ரைலிக்குக் கடைசிவரை இருந்தது. அர்கன்சாஸ்காரரான பாடகர் சானி பர்ஜஸுக்கு வெளிவந்த சிங்கிள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, நாடாக்களோ குவியல். என்னைக் கேட்டால், அந்தக் கிடங்கின் உண்மையான புதையல் அவர்தான்.

1969இல் ஷெல்பி சிங்கிள்டன் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சன்னை வாங்கினார். 1970களில் காலின் எஸ்காட், மார்ட்டின் ஹாக்கின்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் அந்த நாடாக்களை ஆராய்ந்து ஒழுங்குபடுத்த, இங்கிலாந்தின் சார்லி நிறுவனமும் பின்னர் ஜெர்மனியின் பேர் ஃபேமிலியும் அவற்றை வெளிக்கொண்டு வந்தன. ஆனால் சிங்கிள்டனின் சொந்த வெளியீடுகளில் ஜாக்கிரதை. 1978இல் லூயிஸின் பழைய பதிவுகள்மேல், எல்விஸ் போலவே பாடும் ஜிம்மி எல்லிஸின் குரலை ஏற்றி, ஆள் யாரென்று சொல்லாமல் விற்றார். எல்விஸ்தான் என்று நம்பியவர்கள் ஏராளம். நிஜ எல்விஸின் சன் பதிவுகளோ 1955 நவம்பரிலேயே, 35,000 டாலர் ஒப்பந்தத்தோடு பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவுக்குப் போய்விட்டன. அவற்றை அங்கேதான் தேட வேண்டும்.

மிக மலிவான ஐரோப்பியத் தொகுப்புகள் இன்னொரு ரகம். அங்கே 1950களின் பதிவுகள் பலவற்றுக்கு 50 ஆண்டு உரிமை முடிந்துவிட்டதால், யாரோ வெளியிட்ட சிடியிலிருந்தே நகலெடுத்து, இரைச்சலைத் துடைக்கிறேன் என்று சிம்பலின் ஓசையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். வாங்குமுன் உள்ளே இருக்கும் சிறுபுத்தகத்தைப் பாருங்கள். பதிவான தேதி, வாசித்தவர்கள் பெயர், எந்த டேக், பழைய சிங்கிளின் எண் ஆகியவை இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

பேர் ஃபேமிலியின் பல சிடிகள் கொண்ட பெரிய பெட்டிகள் முழுமையானவை, விலையும் அதிகம். ஒரே பாட்டின் ஆறு டேக்குகளை வரிசையாகக் கேட்பது புதியவருக்குச் சலிப்பூட்டும். பர்ஜஸ், ரைலி, இன்னொரு சன் பாடகரான வாரன் ஸ்மித் மூவரில் ஒருவரின் ஒற்றைச் சிடியில் தொடங்குங்கள். பெர்கின்ஸின் மாற்று டேக்குகளுக்கு அப்புறம் வரலாம்.

சேவல் படம் போட்ட மஞ்சள் லேபிள் அசல் தட்டு ஆசை வந்தால் ஒன்று: எல்விஸின் சன் சிங்கிள்களுக்குப் போலிகள் மலிந்து கிடக்கின்றன. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.