லினக்ஸில் ஜர்னல் இருப்பதால் டிஸ்க் மெதுவாகிறது. அதை அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள். ஜர்னல் என்பது டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு; பாதியில் கரண்ட் போனால் அதைப் பார்த்துத்தான் லினக்ஸ் டிஸ்க்கைச் சரிசெய்துகொள்ளும். உங்களுடையதும் அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் ஒற்றை ஹார்டு டிஸ்க்கோடு ஓடும் மெஷின்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

2009-இல் மாமாவின் இரும்புக்கடைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்ட்3. பில்லைச் சேமிக்க என்டர் தட்டினால் சில சமயம் பத்து விநாடிவரை திரை அப்படியே நிற்கும். கம்பி வாங்க வந்தவர் வண்டிச் சாவியால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார். ஜர்னல்தான் வேகத்தைத் தின்கிறது என்று எங்கோ படித்துவிட்டு டிஸ்க்கை இணைக்கும்போது (மவுண்ட்) 'டேட்டா=ரைட்பேக்' என்று கொடுத்தேன். ஜர்னலை முழுக்க அணைப்பதல்ல, அதன் காவலைத் தளர்த்துவது. பறந்தது. "பரவாயில்லையே மாப்ளே" என்றார் மாமா.

ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. மெஷின் ஒரு பிழையும் காட்டாமல் எழுந்தது. அன்றைய சரக்குப் பட்டியலைத் திறந்தால், '2 இஞ்ச் ஆணி' இருக்க வேண்டிய இடத்தில் என்றோ அழித்த கல்யாணப் பத்திரிகையின் ஒரு துண்டு! ரைட்பேக்கில் ஜர்னல் காப்பாற்றுவது ஃபைலின் அளவு, இடம் மாதிரியான குறிப்புகளைத்தான். உள்ளடக்கம் டிஸ்க்கில் இறங்கியதா என்று பார்க்காது. முன்பு இருந்த ஆர்டர்டு முறையில் முதலில் உள்ளடக்கம், அப்புறம்தான் குறிப்பு.

தாமதத்துக்குக் காரணம் மாமா பையன். அதே மெஷினில் பென் டிரைவிலிருந்து படம் படமாக ஏற்றிக்கொண்டிருந்தான். எக்ஸ்ட்3 ஆர்டர்டில் பில்லிங் மென்பொருள் எஃப்சிங்க் ('இதை இப்போதே டிஸ்க்கில் எழுது' என்ற கட்டளை) கேட்டால், நிலுவையில் இருக்கும் படமும் சேர்ந்து இறங்கிய பிறகுதான் பில் முடியும். படங்களுக்குத் தனி டிஸ்க் போட்டு, ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்க வேண்டாம் என்று சொல்லும் நோஏடைம் சேர்த்து, ஆர்டர்டுக்கே திரும்பினேன். சரியாகிவிட்டது.

'எக்ஸ்ட்4, எஸ்எஸ்டி காலத்தில் பழங்கதையா' என்று வருவார்கள். எக்ஸ்ட்4-இல் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஜர்னலை வேறு டிஸ்க்குக்கு மாற்றலாம் என்பதும் தெரியும். இரும்புக்கடைக்கு அது ஓவர். கமிட் இடைவெளியை, அதாவது எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஜர்னல் டிஸ்க்கில் இறங்குகிறது என்பதை, 5 விநாடியிலிருந்து 30-க்கு ஏற்றலாம், அந்த 30 விநாடி வேலை போனாலும் பரவாயில்லை என்றால். ஆனால் எஃப்சிங்க் காத்திருப்பு அதனால் குறையாது. எதைத் தொடுவதற்கும் முன்னால் ஐஓடாப் என்ற கருவியை ஓடவிட்டு, டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள்.

அந்த இரண்டாவது டிஸ்க்கின் காசு என் கையிலிருந்து போனது. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் சொந்தக்காரர்களுக்கு உழைப்பும் இலவசம், பாகமும் இலவசம். அதே கடையில் போன மாதம் ஒரு பூட்டு வாங்கினேன். ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.