ஆங்கிலம் பழக வெளிநாட்டுப் பள்ளிப் பயணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் ஆங்கில ஆசிரியை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதுவரை 14 முறை வெளிநாடு போய்வந்திருக்கிறேன், பெரும்பாலும் பிரிட்டன், நாலு முறை அயர்லாந்து, இரண்டு முறை மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டா. சொதப்பிய பயணங்களும் அதில் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை. பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள், வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓர் ஆசிரியர்): 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வாரம் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். நிஜமாகவே ஆங்கிலம் வளருமா டீச்சர்?

வளராது. பெற்றோர் கூட்டத்தில் இதை முதல் வரியாகவே சொல்லிவிடுங்கள், பிறகு வம்பு இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொழித்திறனை அளக்க, ஏ1 என்ற தொடக்கப்படி முதல் சி2 என்ற உச்சப்படி வரை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் கொண்டுவந்த படிநிலை இருக்கிறதே, அதில் இரண்டாம் படியான ஏ2வை எட்ட 180 முதல் 200 மணி நேரம், மூன்றாம் படியான பி1ஐ எட்ட 350 முதல் 400 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. ஒரு படி ஏறவே சுமார் 200 மணி நேரம். நீங்கள் போகும் ஒரு வாரத்தில் அங்குள்ள மொழிப்பள்ளியில் காலை வகுப்பு வழக்கமாக 15 மணி நேரம்தான்.

அப்படியானால் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு பெண் படித்தாள், எழுத்துத் தேர்வில் எப்போதும் முதலிடம், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். போன மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏறி, உள்ளங்கையில் காசை எண்ணி வைத்துக்கொண்டு, "டூ ரிட்டர்ன்ஸ், ப்ளீஸ்" என்றாள். டிரைவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சீட்டில் வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! அதுவரை அவள் பேசிய ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் யாராவது மதிப்பெண் போட்டிருக்கிறோம், திருத்தியிருக்கிறோம். முதல்முறையாக ஒருத்தர் அவள் ஆங்கிலத்தைச் சும்மா புரிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். இதை வகுப்பறையில் நம்மால் செய்து காட்ட முடியாது.

கேள்வி (ஓர் அம்மா): முன்பின் தெரியாத வீட்டில் பிள்ளையைத் தங்கவைக்கிறார்கள். பயமாக இருக்கிறது. எல்லாரையும் ஒரே விடுதியில் போட்டுவிட்டால் நிம்மதியாக இருக்காதா?

நிம்மதி உங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. விடுதி என்றால் இரவு முழுக்கச் சொந்த மொழிதான். நான் கூட்டிப்போன ஒரு விடுதிப் பயணத்தில் பிள்ளைகள் இரவெல்லாம் சீட்டாடினார்கள், மறுநாள் காலை வகுப்பில் தூங்கினார்கள், வீடு திரும்பியபோது சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், ஆங்கிலம் மட்டும் போனபடியே திரும்பி வந்தது.

உங்கள் பயம் தப்பு என்று சொல்லவில்லை. அதற்கு மருந்து, ஏற்பாடு செய்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது. பிரிட்டன் என்றால் அந்த மொழிப்பள்ளிக்கு பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அங்கீகார விதிப்படி ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் 4 மாணவர்களுக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு டிபிஎஸ் என்ற குற்றப்பின்னணிச் சோதனை முடிந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: சாப்பாட்டு மேசையில் குடும்பமும் கூட உட்காருமா, இல்லை தட்டை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்களா? ஆங்கிலம் வருவதும் வராததும் அந்த மேசையில்தான் இருக்கிறது. இன்னொன்று, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் பிரிட்டனில் அது தனிச் சட்டத்துக்குள் போய்விடும், உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு அந்தத் தலைவலி இல்லை.

முதல் இரவு அழுவார்கள். இரண்டாம் இரவும் கொஞ்சம் அழலாம். அதற்காக வீட்டை மாற்றச் சொல்லிப் போன் செய்யாதீர்கள். ஆனால் அறைக்குப் பூட்டு இல்லை, சாப்பாடு போதவில்லை, யாரோ பேசும் விதம் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் பிள்ளை ஒருத்திக்கு ஒரு வீட்டில் சரிப்பட்டு வராமல், இரவு 9 மணிக்குப் பெட்டியோடு போய்க் கூட்டிவந்திருக்கிறேன்.

கேள்வி (பயணப் பொறுப்பாளர்): பிரிட்டனா, அயர்லாந்தா, மால்டாவா? குழப்பமாக இருக்கிறது.

முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எல்லாம் மேசையில் பரப்புங்கள். ஊர் எது என்பதை அதுவே பாதி முடிவு செய்துவிடும். 27 பேர் வகுப்பில் 25 பேருக்கு ஒரு நாட்டுப் பாஸ்போர்ட், 2 பேருக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்று இருக்கும். அந்த இரண்டு பேருக்கு விசா கிடைக்காமல் போனால் மொத்தப் பயணமும் கசந்துவிடும்.

பிரிட்டன் 2021 அக்டோபர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களிடம் பொதுவாக அடையாள அட்டையை ஏற்பதில்லை, பாஸ்போர்ட் வேண்டும். பள்ளிக் குழுவின் பெயர்களை எல்லாம் ஒரே தாளில் எழுதிக் காட்டிப் போகும் பழைய குழுப் பட்டியல் வசதியும் அதோடு பெரும்பாலும் போயிற்று, பின்னால் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குத் தனிச் சலுகை கொடுத்தார்கள். ஐரோப்பியப் பள்ளிகள் பல அயர்லாந்துத் தலைநகர் டப்ளின் பக்கமும் மால்டா பக்கமும் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டன் போக விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கும் இப்போது ஈடிஏ என்ற ஆன்லைன் முன் அனுமதி வேண்டும், ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. விசா தேவைப்படுகிறவர்கள் விசிட்டர் விசாவில் 6 மாதம் வரை படிக்கலாம், ஆனால் படிக்கும் இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் கட்டாயம்.

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் கூட்டில் இல்லை. ஷெங்கன் விசாவைக் காட்டிக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இன்னொரு பொறியும் இருக்கிறது, நானே ஏறக்குறைய விழுந்தது. டப்ளினில் தங்கிக்கொண்டு ஒரு நாள் ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற கடலோரப் பாறைத்தூண்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அட்டவணையில் எழுதிவிடுவார்கள். அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் யாரும் பஸ்ஸை நிறுத்தமாட்டார்கள், ஆனாலும் பிரிட்டனுக்கான அனுமதி இல்லாமல் போவது விதிமீறல்தான். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

மால்டா ஷெங்கனில் இருக்கிறது, ஆங்கிலம் அங்கே மால்டியத்தோடு ஆட்சிமொழி, வெயிலும் கடலும் உண்டு. குறை என்னவென்றால் அது 316 சதுர கிலோமீட்டர் நாடு, கோடையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் உங்களைப் போலவே வந்த இன்னொரு பள்ளிக் கூட்டம் எதிரே வரும். வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் மால்டியம் பேசிக்கொள்வார்கள், அது அவர்கள் வீடு, நாம் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், முதல்முறை போகும் சின்னப் பிள்ளைகளுக்கு மால்டா, 14 வயது தாண்டியவர்களுக்கு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ ஒரு நடுத்தர ஊர். லண்டனில் தங்காதீர்கள். ஒரு நாள் போய் வாருங்கள், பிரிட்டிஷ் மியூசியம், அறிவியல் மியூசியம் எல்லாம் நுழைவு இலவசம், பள்ளிக் குழு என்றால் முன்பதிவு மட்டும் செய்துவிடுங்கள்.

கேள்வி (9ஆம் வகுப்பு மாணவி): எங்கள் வகுப்பே ஒன்றாகத்தான் போகிறது டீச்சர். எல்லாரும் நம் மொழியிலேயே பேசுவார்கள். நான் மட்டும் ஆங்கிலத்தில் பேசினால் சிரிப்பார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள்மா. இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் யாரும் கேட்கவில்லை, நீ கேட்டிருக்கிறாய், பயணம் கெட்டுப்போவதே இந்த இடத்தில்தான். 30 பேர் கூட்டமாக நடந்தால் எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊரைத் தூக்கிக்கொண்டே நடக்கிற மாதிரிதான்.

உன்னால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. நெருங்கிய தோழியோடு ஒரே வீட்டில் தங்கக் கேட்காதே. அதிகம் பழக்கமில்லாத பெண்ணோடு தங்கு. தோழி என்றால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பீர்கள், பழக்கமில்லாதவள் என்றால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும், நீயே எழுந்து சமையலறைக்குப் போவாய், அங்கே வீட்டுக்கார அம்மா காய் நறுக்கிக்கொண்டிருப்பார். "கேன் ஐ ஹெல்ப்?" என்று கேள். மூன்றே சொல். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேச்சை அவரே பார்த்துக்கொள்வார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "நோ மதர் டங்" என்று அபராதம் போடும் வேலை வேண்டாம், பிள்ளைகள் ஊமையாகிவிடுவார்கள். நான் மூன்று மூன்று பேராகப் பிரித்து மத்தியானம் ஒரு சீட்டு கொடுப்பேன்: மூன்று பேரிடம் கேட்டு இந்த ஊரில் நல்ல நூலகம் எது என்று கண்டுபிடி, தபால் அட்டை வாங்கி ஒட்ட வேண்டிய ஸ்டாம்ப் எது என்று கேட்டுப் போடு, நாயோடு நடப்பவரிடம் நாயின் பெயரைக் கேள். கடைசியில் சொன்னது தோற்றதே இல்லை. நாய் வைத்திருப்பவர் யாரானாலும் நாயைப் பற்றிப் பேசுவார்.

கேள்வி (10ஆம் வகுப்பு மாணவன்): யூடியூபில் கேட்டால் புரிகிறது. அங்கே போய் அவர்கள் பேசுவது புரியாவிட்டால்?

முதல் இரண்டு நாள் புரியாது தம்பி, எனக்கே லிவர்பூலில் புரியவில்லை. உச்சரிப்பு பாதிக் காரணம், மீதி அர்த்தம். "ஆல் ரைட்?" என்று கேட்டால் உன் உடல்நிலையை விசாரிக்கவில்லை, அது வெறும் ஹலோ. நீயும் "ஆல் ரைட்?" என்றால் போதும். பஸ் டிரைவர் "லவ்" என்று கூப்பிட்டால் பதறாதே, நம் ஊரில் "கண்ணு" என்பது போல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அயர்லாந்தில் "கிராண்ட்" என்றால் பிரமாதம் இல்லை, "பரவாயில்லை, சரி" என்பதுதான்.

வட இங்கிலாந்தில் எங்கள் பையன் ஒருவன், "உனக்கு டீ வேண்டுமா?" என்று வீட்டுக்காரர் சாயங்காலம் 5 மணிக்குக் கேட்டதும் நாகரிகமாக "நோ, தேங்க்யூ" சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் டீ என்றால் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு. ராத்திரி 10 மணிக்கு எனக்குப் போன், பசிக்கிறது டீச்சர் என்று. அந்தச் சொல் அவனுக்கு இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

புரியாதபோது தலையாட்டாதே, அது மட்டும்தான் என் வேண்டுகோள். "சாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?" என்பதைத் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்.

கேள்வி (ஓர் ஆசிரியர்): மொபைல் போனை வாங்கி வைத்துவிடலாமா?

வழி தெரியாமல் போனால் என்ன செய்வார்கள்? பகலில் இருக்கட்டும், இரவு படுக்கும் முன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். சார்ஜருக்கு மூன்று தட்டைக் கம்பியுள்ள அடாப்டர், மூன்று நாட்டுக்கும் அதே ஒன்று போதும்.

கேள்வி (புதிய ஆசிரியர்): 12 பேர்தான் வருகிறார்கள். நான் ஒருத்தியே கூட்டிப்போகலாமா?

கூடாது. ஒரு பிள்ளை கையை உடைத்துக்கொண்டால் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள், மீதி 11 பேர் யாரோடு? எனக்கு இது நடந்தது, நல்லவேளை கூட ஒரு சக ஆசிரியர் இருந்தார். அவசர எண் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 999 அல்லது 112, மால்டாவில் 112. காப்பீட்டுத் தாளும் பெற்றோரின் மருத்துவச் சம்மதக் கடிதமும் பெட்டியில் அல்ல, உங்கள் தோள்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகல்களும் அப்படியே.

நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: ரோடு. மூன்று நாட்டிலும் வண்டி இடதுபக்கம் ஓடும். வலதுபக்கம் ஓடும் நாட்டுப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் இடதுபக்கம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். லண்டனில் நடைபாதை ஓரங்களில் "லுக் ரைட்" என்று தரையிலேயே எழுதிவைத்திருப்பது சும்மா இல்லை.

கேள்வி (ஓர் அப்பா): எங்களால் அந்தப் பணம் கட்ட முடியாது. வகுப்பில் என் மகள் மட்டும் விடுபட்டுவிடுவாள் போலிருக்கிறது.

இதை ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள் ஐயா, வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்களைப் போல இன்னும் நாலு பேர் சொல்லாமல் இருப்பார்கள். என் கருத்து கடுமையானது: வகுப்பில் ஐந்தில் ஒருவர் போக முடியாத பயணம் பள்ளிப் பயணமே இல்லை, அது சிலருக்கான சுற்றுலா. நாள்களைக் குறைக்கலாம், அல்லது பரிமாற்றப் பயணமாக மாற்றலாம், அவர்கள் பிள்ளை நம் வீட்டில், நம் பிள்ளை அவர்கள் வீட்டில் என்றால் தங்கும் செலவு இல்லை. ஐரோப்பியப் பள்ளி என்றால் 2005 முதல் நடக்கும் ஈட்வின்னிங் என்ற இணையவழிப் பள்ளிக் கூட்டுத் திட்டம் வழியாக வேறு நாட்டு வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை செய்யலாம். அந்த வகுப்புக்குத் தாய்மொழி ஆங்கிலமாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, இரண்டு பக்கமும் வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும்.

கேள்வி (இன்னோர் அம்மா): மகன் போய் ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் மூன்று முறை போன் செய்தான். நேற்றும் இன்றும் ஒன்றுமே இல்லை. கவலையாக இருக்கிறது.

கூடப் போன ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பி, நன்றாக இருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் நீங்களாக அவனைக் கூப்பிடாதீர்கள். அங்கே அவனுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.