இலையின் மேலிருந்ததா, உள்ளிருந்ததா?

கேள்வி: நிலவேம்பு இலையைக் கழுவி அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வைத்தேன். இரண்டே நாளில் ஏராளமான பாக்டீரியா. இவை இலைக்குள் வாழ்பவையா? கிருமிகளை அழிக்குமா?
- ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: தண்ணீரில் மட்டும் கழுவியிருந்தால், பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டியிருந்தவைதான். பறித்த அன்றே இலையை 70% எத்தனாலில் 1 நிமிடம், 2% சோடியம் ஹைபோகுளோரைட்டில் (வெளுப்பான் கரைசல்) 3 நிமிடம், மீண்டும் எத்தனாலில் 30 விநாடி முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். கடைசியாக அலசிய நீரில் 100 மைக்ரோலிட்டரைத் தனித் தட்டில் பரப்புங்கள். அதில் ஏதேனும் வளர்ந்தால் அந்தத் தொகுதி இலைகளையே ஒதுக்கிவிடுங்கள், தயக்கமே வேண்டாம். இலை வெளுத்துப்போனால் ஹைபோகுளோரைட் உள்ளே இறங்கிவிட்டது, நேரத்தைக் குறையுங்கள்.

இலையை அகார் தட்டில் வைத்த பின், அடுத்தது பொறுமை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மெதுவாக வளரும் பாக்டீரியா 28 டிகிரியில் தலைகாட்ட 2 முதல் 4 வாரம் ஆகலாம். அதற்குள் பூஞ்சை மூடிவிடாதிருக்க, அகாரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் பழங்குடியினர் காயத்துக்குப் பூசும் கென்னடியா கொடிக்குள்ளிருந்து, 2002இல் முனும்பிசின் என்னும் எதிருயிரிகளைத் (ஆன்டிபயாடிக்) தந்ததும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான்.

கிருமியை அழிக்குமா என்ற சோதனைக்கு, பாக்டீரியாவை வளர்த்த திரவத்தை வடிகட்டி எத்தில் அசிடேட் என்னும் கரைப்பானில் பிரித்தெடுத்து, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நோய்க்கிருமி பரப்பிய தட்டில் 6 மில்லிமீட்டர் குழியில் இடுங்கள். பக்கத்துக் குழியில் வெறும் கரைப்பான் கட்டாயம். கரைப்பானே, கிருமி வளராத தெளிவு வளையம் காட்டி ஏமாற்றும். வளையத்தின் அகலத்தை வைத்து வீரியத்தை ஒப்பிடாதீர்கள். பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகவே பரவும். கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை 96 குழித் தட்டில் அளப்பதே நம்பகமானது.

சோதனையில் தேறிய பாக்டீரியாக்களை உடனே 20% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். திரும்பத் திரும்பத் தட்டு மாற்றினால் கிருமியை அழிக்கும் திறன் மங்கிவிடக்கூடும்.