பக்கவாதம்: ஊசிக்கான கெடு எப்போது தொடங்குகிறது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே எங்கள் கிராமம். 64 வயதான அப்பா காலை 5 மணிக்கு வழக்கம்போல் பேசிவிட்டு வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். 6:30 மணிக்கு வாய் கோணி, வலது கை தொங்க, வரப்பில் கிடந்தார். பக்கத்துச் சிறிய மருத்துவமனையில் 9 மணி வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். தஞ்சாவூருக்கு 10:45-க்குப் போய்ச் சேர்ந்தோம். நாலேகால் மணி நேரந்தான் ஆகியிருந்தும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அது சரியா? மறுபடி வந்தால் என்ன செய்வது?

பதில்: மருத்துவர்கள் சொன்னது சரியே. நீங்கள் அவரைக் கண்டெடுத்த நேரத்திலிருந்து எண்ணுகிறீர்கள். அவர்களோ அவர் நன்றாக இருந்ததை ஒருவர் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். 5 மணிக்கும் 6:30-க்கும் இடையில் எப்போது அடைப்பு ஏற்பட்டது என்று யாருக்கும் தெரியாது என்பதால், 5 மணியையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அந்த ஊசிக்குரிய 4½ மணி நேரக் கெடு 9:30-க்கே முடிந்துவிட்டது. 9:25-க்கு வாசலை அடைந்திருந்தாலும் போதாது. மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்பதை சி.டி. ஸ்கேன் காட்டிய பிறகே ஊசி போட முடியும். அதற்குச் சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் பார்த்தாக வேண்டும். நன்கு இயங்கும் மருத்துவமனைகளே வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் ஊசி போடுவதை இலக்காக வைத்திருக்கின்றன.

கெடுவுக்குள் போனால் போதும் என்பதும் முழு உண்மையன்று. முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஊசி போட்டால், ஏறத்தாழ 5 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஊசியில்லாமல் முடங்கியிருக்கக்கூடியவர் நடமாடித் தன் வேலையைப் பார்க்கும் நிலைக்கு வருகிறார். மூன்று மணி நேரத்தை நெருங்கும்போது அது 9 பேருக்கு ஒருவராகவும், 4½ மணி நேரத்தை நெருங்கும்போது 14 பேருக்கு ஒருவராகவும் குறைகிறது. மூளைக்குள் இரத்தம் கசியும் அபாயமோ நேரம் போனதற்காகக் குறைவதில்லை. கெடு தாண்டி ஊசி போட மறுப்பது அதனால்தான்.

பெரிய இரத்தக்குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை 6 மணி நேரம் வரையிலும், ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி தெரிபவர்களுக்கு 24 மணி நேரம் வரையிலும் உண்டு. ஆகவே தாமதமாகிவிட்டது என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் உண்மையில் போன நேரம் குளுக்கோஸ் பாட்டிலோடு போன நேரம். சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் இல்லாத இடத்தில் நிற்பதால் பயனில்லை. தஞ்சாவூர் மட்டுமே என்ற நிலையும் இன்று இல்லை. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே எந்நேரமும் ஸ்கேனும் ஊசியும் கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். 108-ஐ அழைத்ததும் பக்கவாதம் என்றும், எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்றும் சொல்லுங்கள். அறுவடை நாளில் சாலையில் நெல் காயும் பாதைகளை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்வதுகூட உதவும்.

புறா இரத்தம் தேய்ப்பதும் காப்பி புகட்டுவதும் வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் காப்பி நுரையீரலுக்குள் இறங்கும். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் அது கேடு. அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், அவரைக் கடைசியாக நல்லபடி பார்த்தவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.